அகதி வைத்த விருந்து



1987ஆம் ஆண்டு டென்மார்க்கில் 'பபெத்தின் விருந்து' என்றொரு படம் வெளிவந்தது. இயக்கியவர் கப்ரியேல் அக்செல். ஐசாக் டினெசன் என்ற புனைபெயரில் எழுதிய கரென் பிளிக்சனின் கதை அது. அடுத்த ஆண்டு பிறமொழிப் படத்துக்கான ஒஸ்கார் விருது கிடைத்தது. அந்த விருதை வாங்கிய முதல் டேனிஷ் படமும் அதுதான். படத்தில் துரத்தல் இல்லை, கொலை இல்லை. பன்னிரண்டு பேர் ஒரு மேசையைச் சுற்றியிருந்து சாப்பிடுகிறார்கள், அவர்களிற் பெரும்பாலானோர் வயதுபோனவர்கள். அதுவே படத்தின் உச்சக்கட்டம்.

கதை நடப்பது யூலாந்துக் குடாநாட்டின் மேற்குக் கரையில். ஓயாத காற்று, மரம் குறைந்த நிலம், கயிற்றிலே தொங்கவிட்டுக் காயும் மீன். யாழ்ப்பாணத்து வடமராட்சிக் கரையில் பிறந்த ஒருவருக்கு இந்தக் காட்சி புதிதாக இராது. அந்த ஊரில் ஒரு போதகர் கடும் நோன்புடைய சிறு சபை ஒன்றை நடத்தினார். மார்ட்டின் லூதரின் பெயரையும் பிலிப் மெலாங்தனின் பெயரையும் தழுவித் தம் பெண்கள் இருவருக்கும் மார்ட்டின், பிலிப்பா என்று பெயர் வைத்தார். தகப்பன் போன பின்னும் அந்தச் சகோதரிகள் கலியாணம் கட்டாமல் ஊர் ஏழைகளுக்குச் சோறு கொண்டுபோய்க் கொடுத்து வாழ்ந்தார்கள். கருவாட்டை ஊறவைத்து அவித்தது, காய்ந்த பாணைப் பியரில் கரைத்துக் காய்ச்சிய கஞ்சி. அவ்வளவுதான் அவர்களுடைய சமையல். நாக்குக்கு ருசி தேடுவது பாவம் என்பது அவர்களின் நம்பிக்கை.

1871ஆம் ஆண்டு, மழையும் புயலுமான ஓர் இரவில் அவர்களின் கதவடியில் பபெத் வந்து விழுகிறாள். பரிஸ் கம்யூன் எழுச்சியை அரசு இரத்தத்தில் அடக்கிய ஆண்டு அது. அவளுடைய கணவனும் மகனும் கொல்லப்பட்டுவிட்டார்கள். கையில் ஒரு கடிதம் மட்டும் இருக்கிறது. அவளுக்குச் சமைக்கத் தெரியும் என்று போகிற போக்கில் அதிலே ஒரு வரி. சம்பளம் வேண்டாம், இருக்க இடம் தந்தாற் போதும் என்கிறாள். கருவாடு அவிப்பதையும் பியர்க் கஞ்சி காய்ச்சுவதையும் சகோதரிகள் பொறுமையாக அவளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். அவள் தலையாட்டிக் கேட்டுக்கொள்கிறாள். பரிஸ் நகரத்தின் பேர்பெற்ற உணவகமான கபே ஆங்கிலேயின் தலைமைச் சமையற்காரி அவள் என்பது அவர்களுக்குத் தெரியாது.

பதினான்கு ஆண்டுகள் கழிந்து அவளுக்கு லொத்தரில் 10,000 பிராங் விழுகிறது. போதகரின் நூறாவது பிறந்தநாள் விருந்தைத் தன் காசிலே, பிரெஞ்சு முறையில், தானே சமைத்துப் போட வேண்டும் என்று கேட்கிறாள். அவள் கேட்ட முதல் வரம் அது. சகோதரிகளால் மறுக்க முடியவில்லை.

கப்பலிலே சாமான்கள் வந்து இறங்கும் காட்சியை நின்று பார்க்க வேண்டும். கூட்டுக்குள்ளே உயிரோடு காடைகள். வைன் போத்தல்கள். பனிக்கட்டி. ஓர் உயிருள்ள கடலாமை. அதைக் கண்ட மார்ட்டின் அன்றிரவு நரகத்தைக் கனவு காண்கிறாள். பயந்துபோன சபையார் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வருகிறார்கள். விருந்துக்குப் போவது, ஆனால் சாப்பாட்டைப் பற்றி ஒரு சொல்லும் சொல்வதில்லை. நாக்கு இருப்பது செபத்துக்கு, ருசிக்கல்ல.

அப்படியே வந்து இருக்கிறார்கள். ஆமைச் சூப் வருகிறது. சின்னஞ்சிறு அப்பங்களில் மீன்முட்டையும் புளித்த ஆடையும் வருகின்றன. பிறகு மாக்கூட்டுக்குள் வைத்துச் சுட்ட காடை. முகத்தில் அசைவு காட்டாமல் அவர்கள் சாப்பிடும்போது, அந்தக் கட்டுப்பாடு தெரியாத ஒரே ஒருவர், தளபதி லொவென்ஹெல்ம், ஒவ்வொரு வாய்க்கும் வியந்துபோகிறார். இந்தக் காடையைத் தாம் ஒரு முறை பரிஸ் நகரத்திலே சாப்பிட்டிருப்பதாகவும் அங்கே சமைத்தவர் ஒரு பெண் என்றும் சொல்கிறார். மற்றவர்கள் காலநிலையைப் பற்றிப் பதில் சொல்கிறார்கள். ஆனாலும் விருந்து தன் வேலையைச் செய்கிறது. ஒருகாலத்தில் ஏமாற்றியவரும் ஏமாந்தவரும் முகம்பார்த்துச் சிரிக்கிறார்கள். ஆண்டுக்கணக்காகக் கோபமாயிருந்த கிழவிகள் கையைப் பிடித்துக்கொள்கிறார்கள். பாப்பரசர் பிரான்சிஸ் குடும்ப அன்பைப் பற்றி 2016இல் வெளியிட்ட ஊக்கவுரையில் இந்தப் படத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டிருக்கிறார். ஒரு பாப்பரசரின் மடலில் ஒரு சினிமாப் படம் இடம்பெறுவது அரிது.

இந்தப் படத்தைப் பார்த்தவர்கள் எல்லாரும் பபெத்தின் கொடையைப் புகழ்வார்கள். புகழ வேண்டியதுதான். 10,000 பிராங்கையும் ஒரே இரவில் செலவழித்துவிட்டு மறுபடியும் வெறுங்கையோடு அடுப்படியில் இருக்கிறாள். ஆனால் யாழ்ப்பாணத்தில் இருந்து பார்க்கும்போது படத்தின் கடினமான பாகம் மேசையின் மறுபக்கத்தில் இருக்கிறது. வாழ்நாள் முழுவதும் கொடுத்தே பழகிய சகோதரிகள், தங்கள் வீட்டு வேலைக்காரியிடமிருந்து வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதற்கு அவர்களுக்குப் பயம். ருசிப்பதில்லை என்ற சத்தியம் அந்தப் பயத்தில் பிறந்தது. கொடுப்பதிலே பெருமை இருக்கிறது. வாங்குவதற்கு மனம் இறங்க வேண்டும்.

இது இந்த மண் நன்றாக அறிந்த சங்கதி. 'ஒருத்தரிட்டையும் கை நீட்டாமல் வாழ்ந்தனாங்கள்' என்று சொல்வதைவிடப் பெரிய பெருமை யாழ்ப்பாணத்துக் குடும்பத்துக்குக் கிடையாது. அந்தப் பெருமைக்குப் பின்னால் உழைப்பும் சிக்கனமும் உண்டு. ஒரு கொடுமையும் உண்டு.

சாதி இங்கே சோற்றிலேதான் கூர்மையாக இயங்கியது. மேலே இருந்தவர்கள் கீழே இருந்தவர்களுக்குச் சோறு கொடுக்கப் பொதுவாக மறுத்ததில்லை. கொல்லைப்புறத்தில் வைத்துத் தாராளமாகவே கொடுத்தார்கள். அவர்கள் கையால் ஒரு மிடறு தண்ணீர் வாங்கிக் குடிக்கத்தான் மறுத்தார்கள். வாங்க மறுப்பதே உயர்வின் அடையாளமாக இருந்தது. 1816இல் வந்த அமெரிக்க மிஷனும் இதைச் சந்தித்தது. தொடக்க காலத்து விடுதி மாணவர்கள் மிஷன் வளவுக்குள்ளே சமைத்த சோற்றைத் தொடமாட்டோம் என்றார்கள். அயலில் இருந்த சைவர் காணியில் குசினி வைக்க வேண்டியதாயிற்று. படிப்பை வாங்கலாம், சோற்றை வாங்கக் கூடாது.

ஆறுமுக நாவலரின் கஞ்சித்தொட்டியையும் இந்த வெளிச்சத்தில் பார்க்கலாம். 1876, 1877இல் மழை பொய்த்துப் பஞ்சம் வந்தது, கூடவே வாந்திபேதியும் வந்தது. நாவலர் வீடுவீடாகப் பணமும் அரிசியும் திரட்டிக் கஞ்சி ஊற்றினார். அரசாங்க அதிபர் துவைனந்துரை பஞ்சத்தைக் கையாண்ட விதத்தைக் கண்டித்து அச்சிலும் எழுதினார். சைவத்தின் பெரும் காவலர், பசித்தவனுக்காகப் பிறர் வாசலில் நின்று கேட்டார் என்பதைப் போற்றத்தான் வேண்டும். சாதி ஆசாரத்தை வலியுறுத்தியவரும் அதே நாவலர்தான். இரண்டையும் சேர்த்தே நினைவில் வைத்திருப்பது அவருக்குச் செய்யும் மரியாதை. கஞ்சித்தொட்டி பசியைத் தீர்த்தது, பந்தியை மாற்றவில்லை.

பந்தியை மாற்ற முயன்றவர்கள் பின்னால் வந்தார்கள். 1924இல் மாணவர் காங்கிரசாகத் தொடங்கிப் பின்னர் வாலிபர் காங்கிரசான இயக்கம், ஹண்டி பேரின்பநாயகம் போன்ற இளைஞர்களால் நடந்தது. 1927இல் காந்தியை யாழ்ப்பாணத்துக்கு அழைத்ததும் அவர்களே. தீண்டாமையைக் கண்டித்துத் தீர்மானம் போட்டதோடு நில்லாமல் சமபந்தி போசனத்தையும் நடத்தினார்கள். தீர்மானத்துக்குக் கை உயர்த்துவது எளிது. பக்கத்து இலையில் யார் இருக்கிறார் என்று பாராமல் சோற்றைப் பிசைவதற்குத்தான் அன்று துணிவு வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகும் தேநீர்க் கடைகள் மாறவில்லை. எல்லாருக்கும் கிளாசிலே தேத்தண்ணி, ஒடுக்கப்பட்டவர்களுக்குப் போத்தலிலே, பேணியிலே, சிரட்டையிலே. அதுவும் வெளியே நின்று. அகில இலங்கைச் சிறுபான்மைத் தமிழர் மகாசபையைச் சேர்ந்தவர்கள் 1950களில் கடைகளுக்குள் நுழைந்து வாங்கில் இருந்து தேநீர் கேட்டார்கள். 1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்தது. சட்டம் வந்தும் கதவு திறக்கவில்லை. 1966 ஒக்டோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கி ஊர்வலம் போக வேண்டியிருந்தது. சங்கானையிலும் கொடிகாமத்திலும் அதன் பின்னர் நடந்த போராட்டங்களுக்கு உயிர்களும் விலையாயின. அந்தக் காலத்தை எழுத்தில் வைத்தவர் கே. டானியல், 1972இல் வந்த 'பஞ்சமர்' நாவலைப் படிக்காமல் யாழ்ப்பாணத்து விருந்தோம்பலைப் பற்றிப் பேசுவது பாதிப் பேச்சு.

பபெத்தின் படத்திலும் ஒரு விளிம்பு தெரிகிறது. தளபதியின் வண்டியை ஓட்டிவந்தவன் மேசைக்கு அழைக்கப்படவில்லை. அவன் குசினியில் இருக்கிறான். ஆனால் மேசைக்குப் போகிற ஒவ்வொரு பண்டத்தையும் ஒவ்வொரு வைனையும் பபெத் அவனுக்கும் அதே அளவு கவனத்தோடு கொடுக்கிறாள். தளபதியைத் தவிர வாயைத் திறந்து 'நல்லாயிருக்கு' என்று சொல்கிறவனும் அவன்தான். இருக்கும் இடத்தை அவளால் மாற்ற முடியவில்லை, கிண்ணத்தை மாற்றாமல் இருக்க முடிந்தது. சிரட்டை பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று விளங்கும்.

வாங்கத் தெரிந்த மரபும் இதே மண்ணில் உண்டு. மணிமேகலைக் காப்பியம் சொல்லும் மணிபல்லவம் நயினாதீவுதான் என்று பலரும் கருதுகிறார்கள். அங்கே கோமுகிப் பொய்கையில் மணிமேகலைக்கு அமுதசுரபி கிடைத்த கதை எல்லாருக்கும் தெரியும். கிடைத்தவுடனே அதிலிருந்து அள்ளிக் கொடுக்க முடியவில்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. முதலில் ஆதிரையின் வாசலில் நின்று அவள் இட்ட பிச்சையை ஏற்ற பிறகே பாத்திரம் சுரக்கத் தொடங்குகிறது. எடுக்க எடுக்கக் குறையாத பாத்திரத்தை வைத்திருந்தவளும் முதலில் ஏந்தி நின்றாள். நயினை நாகபூசணி அம்மன் கோயிலில் யாத்திரிகர்களுக்குச் சோறு போடும் மண்டபத்துக்கு அமுதசுரபி என்று பெயர் வைத்தது வீண்போகவில்லை.

தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதிக்கு வருவோம். முருகனை அங்கே அன்னதானக் கந்தன் என்றே அழைக்கிறார்கள். கோயிலைத் தொடங்கியவர் மருதர் கதிர்காமர், கடலை நம்பி வாழ்ந்த குலத்தவர். அவர் வழிவந்தவர்களே இன்றும் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு மந்திரம் இல்லாமல் பூசை செய்கிறார்கள். ஆலமிலையில் அமுது படைக்கிறார்கள். எந்தக் குலத்தில் பிறந்தவரானாலும், எவ்வளவு பெரிய வீட்டுக்காரரானாலும், அந்தக் கைகளிலிருந்துதான் திருநீறும் அமுதும் வாங்க வேண்டும். ஆலயப் பிரவேசத்துக்கு 1968இல் மாவிட்டபுரம் வாசலில் போராட வேண்டியிருந்த அதே குடாநாட்டில் இப்படியும் ஒரு வாசல் இருந்தது.

சந்நிதியைச் சுற்றி மடங்கள். விடியப்புறத்திலேயே வேலை தொடங்கிவிடும். சாக்கை விரித்துப் பூசணிக்காய் வெட்டுகிறவர்கள் ஒரு பக்கம், பயற்றங்காய் முறிக்கிறவர்கள் ஒரு பக்கம், திருவலையில் தேங்காய் துருவுகிற பெண்கள் ஒரு பக்கம். கிடாரத்தில் வெந்த சோற்றை வடித்து, வெள்ளைத் துணி விரித்த பாயிலே கொட்டுவார்கள். ஆவி எழும்பிச் சுவரை மறைக்கும். பிறகு பந்தி. இலை போடுகிறவர் ஒருவர், தண்ணீர் தெளிக்கிறவர் ஒருவர், வாளியோடு சோறு வைக்கிறவர் ஒருவர். பின்னால் பருப்பு, பூசணிக்காய்க் கறி, சாம்பார், ரசம். ஊர் எது, பெயர் எது என்ற கேள்வி கிடையாது. சந்நிதிக்குப் போனால் சாப்பிடாமல் திரும்பக் கூடாது என்பது வழக்கம். வீட்டிலே ஒன்றுக்கும் குறைவில்லாதவரும் சம்மணம் கட்டி இருந்து, இலையை ஒழுங்குபடுத்தி, வாளி வரும்வரை காத்திருக்கிறார். அந்தக் காத்திருப்பு பக்தியின் பெரும் பகுதி.

கதிர்காம யாத்திரையும் இதே சந்நிதியிலிருந்துதான் புறப்படுகிறது. முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு, உகந்தை, யால காடு என்று கிழக்குக் கரையோரமாக வாரக்கணக்கில் நடக்கும் அடியார்கள் வழியிலே கிடைத்ததைத்தான் உண்கிறார்கள்.

பிறகு வந்த போர்க் காலத்தில் வாங்குவது நேர்த்திக்கடனாக இருக்கவில்லை. 1995 ஒக்டோபர் 30 அன்று வலிகாமம் முழுவதும் ஒரே நாளில் எழும்பி, நாவற்குழிப் பாலத்தைத் தாண்டித் தென்மராட்சிக்குப் போனது. இலட்சக்கணக்கான சனம், மழை, இருட்டு. கல்வீட்டையும் கிணற்றையும் தோட்டத்தையும் விட்டுவந்தவர்கள், மறுநாள் பள்ளிக்கூட முற்றத்தில் கோப்பையோடு வரிசையில் நின்றார்கள். கை நீட்டாத ஊர் கை நீட்டியது. தென்மராட்சி வீடுகள் விறாந்தைகளைத் திறந்துவிட்டன, இருந்த அரிசியைப் பங்கிட்டன. அங்கே கொடுத்தவர்களுள் பலர் 2000ஆம் ஆண்டுச் சண்டையில் தாமே இடம்பெயர்ந்தார்கள்.

ஒன்றை மறைக்கக் கூடாது. வலிகாமம் எழும்பிய அந்த நாளுக்கு ஐந்து ஆண்டு முன்பு, 1990 ஒக்டோபரில், யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் சில மணி நேரத்துக்குள் வெளியேற்றப்பட்டார்கள். நோன்புக் கஞ்சியை அயலட்டைக்கும் கொடுத்தனுப்பிய வீடுகள் பூட்டிக் கிடந்தன. அந்தக் கஞ்சியை வாங்கிக் குடித்தவர்களில் எத்தனை பேர் தெருவுக்கு வந்து தடுத்தார்கள் என்ற கேள்விக்கு இந்தக் குடாநாடு இன்னும் பதில் சொல்லவில்லை.

2009இல் போரின் கடைசி நாட்களில் முள்ளிவாய்க்காலில் அரிசியும் உப்பும் தண்ணீரும் சேர்ந்த கஞ்சிதான் மிச்சமாயிருந்தது. இப்போது ஒவ்வொரு மே மாதமும் வடக்கு, கிழக்குத் தெருக்களில் அந்தக் கஞ்சியைக் காய்ச்சிக் கொடுக்கிறார்கள். 2024இல் சம்பூரில் கஞ்சி காய்ச்சியதற்காகப் பெண்களைப் பொலிசார் கைது செய்தார்கள். ஒரு பானைக் கஞ்சிக்கு அவ்வளவு வலிமை. பல இடங்களில் அதைச் சிரட்டையில்தான் ஊற்றுகிறார்கள். எல்லாருக்கும் சிரட்டை. ஒருகாலத்தில் சிலருக்கு மட்டும் நீட்டப்பட்டது அது.

பபெத்தை இங்கே உள்ளவர்கள் உறவுக்காரியாக உணர்வதற்குக் காரணம் இதுதான். அவள் வசதியிலிருந்து கொடுத்தவள் அல்ல. கணவனையும் பிள்ளையையும் பறிகொடுத்து, மொழி தெரியாத கரையில் ஒதுங்கி, பதினான்கு வருடம் பிறர் வீட்டு அடுப்பில் வெந்தவள். அவள் விட்டு ஓடிய அதே பரிஸ் நகரத்துக்கு நூற்றுச் சொச்சம் ஆண்டுகளின் பின் யாழ்ப்பாணத்துப் பெடியள் அகதிகளாகப் போய்ச் சேர்ந்தார்கள். உணவகக் குசினிகளில் கோப்பை கழுவத் தொடங்கிச் சமையற்காரர்களாகவும் ஆனார்கள். அவள் போய் இறங்கிய யூலாந்துக்கும் போனார்கள்.

யூலாந்தில் அவர்களுக்கு என்ன நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். படம் வெளிவந்த அதே 1987இல், டென்மார்க்கின் நீதியமைச்சர் எரிக் நின்-ஹன்சன், தமிழ் அகதிகள் தங்கள் மனைவி மக்களை அழைப்பதற்குக் கொடுத்த விண்ணப்பங்களைக் கிடப்பில் போடும்படி சொன்னார். சட்டம் கொடுத்த உரிமையை அமைச்சர் நிறுத்திவைத்தார். மனைவிமாரும் பிள்ளைகளும் போர் நடக்கும் ஊரிலே காத்திருந்தார்கள். விசாரணை அறிக்கை வந்ததும் 1993 சனவரியில் பிரதமர் போல் ஷ்லூட்டர் பதவி விலகினார். 1995இல் நின்-ஹன்சன் சிறப்பு நீதிமன்றத்தில் குற்றவாளியாகக் காணப்பட்டார். 'தமிழர் விவகாரம்' என்று அந்த நாட்டு அரசியல் வரலாற்றில் அதற்குப் பெயர். அகதிக்குக் கதவைத் திறந்த கதையை உலகுக்குக் கொடுத்த நாடும் அதுதான், அகதியின் பிள்ளையை வாசலில் நிறுத்திய நாடும் அதுதான், பின்பு தன் பிரதமரையே அதற்குப் பதில் சொல்ல வைத்த நாடும் அதுதான். இன்று யூலாந்தில் ஹேர்னிங்கில் பிள்ளையார் கோயிலும் பிராண்டேயில் அபிராமி அம்மன் கோயிலும் இருக்கின்றன. திருவிழாக் காலத்தில் அங்கே அன்னதானம் உண்டு.

இந்த உரையின் நோக்கம் படத்தைப் புகழ்வது மட்டுமல்ல. ஒரு வேண்டுகோளும் இருக்கிறது. இந்தப் படத்துக்கு, யாருடைய நினைவில் விருந்து நடந்ததோ அந்தப் போதகரின் பெயரை வைக்கவில்லை, விருந்துண்ட தளபதியின் பெயரையும் வைக்கவில்லை. சமைத்தவளின் பெயரை வைத்தார்கள். யாழ்ப்பாணத்துக் கோயில்களிலே அன்னதானத்தன்று ஒலிபெருக்கியில் உபயகாரர் பெயர் வாசிக்கப்படுகிறது. கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் காசு அனுப்பியவர்களின் பெயர் ஊரோடும் பேரோடும் வருகிறது. அது நியாயமானதே. விடிய மூன்று மணிக்குக் கிடாரம் ஏற்றியவர், பூசணிக்காய் வெட்டியவர், தேங்காய் துருவிக் கை கடுத்தவர் ஆகியோரின் பெயரும் அந்தத் தாளில் எழுதப்பட வேண்டும். சமைத்தவர்கள் கடைசியாக, ஆறிப்போன சோற்றை நின்றபடி சாப்பிட்டுவிட்டுப் போகிற வழக்கமும் மாற வேண்டும். அவர்களுக்கென்று ஒரு பந்தி வைத்து இலை போட்டு, அன்றைய உபயகாரரே வாளியைத் தூக்கிப் பரிமாறட்டும். சந்நிதியின் அடுத்த ஆவணித் திருவிழாவிலேயே ஏதாவதொரு மடம் இதைத் தொடங்கிவைக்கலாம்.